கண்டல் நடும்போது கதைக்க வேண்டும்

இலங்கைத்துறைக் களப்பில், பறவைச் சரணாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ப்பெண்களோடு, உப்புநீரில் வளரும் கண்டல் மரக் கன்று நடுகிறேன். முழங்காலுக்கு மேல் கலங்கல் நீர். என் கால்களே எனக்குத் தெரியவில்லை. பெண்கள் ஓயாமல் கதைக்கிறார்கள்.

"ஏனக்கா இவ்வளவு கதை?" என்று பக்கத்தில் நிற்கும் யோகம் அக்காவிடம் கேட்கிறேன்.

"முதலை இருக்கிற தண்ணியெல்லோ தம்பி. ஆரின்ட குரல் நிண்டாலும் உடனே திரும்பிப் பாப்பம். நீங்களும் கதையுங்கோ."

"முதலையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமே?"

"ஏலாது. அதைப் பிடிச்சால், களவாக் கண்டல் வெட்ட வாறவங்களை ஆர் கலைக்கிறது?"

குனிந்து நட்டபடியே என் ஊர், வந்த பஸ், காலையில் தின்ற இடியப்பம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் என் குரல் மட்டும் கேட்கிறது.

நிமிர்கிறேன். எல்லோரும் கதையை நிறுத்திவிட்டு என் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறார்கள்.