பூந்தொட்டிக்குப் போன மணல்

அலுவலகத்தில் அவருக்குப் 'புழு மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லத் துணிவதில்லை. கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருந்தது. வெளிநாட்டுப் பழங்களோடு எந்தப் பூச்சி உள்ளே வரக்கூடும், வந்தால் இங்கே பிழைக்குமா, பிழைத்தால் எதையெல்லாம் அழிக்கும் என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. வீட்டிலும் பழத்தை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகே தட்டில் வைப்பார். "பழம் தர்றியா, பிரேதப் பரிசோதனை பண்றியா?" என்பார் கணவர். அலுவலகத்துக்குப் பின்புறம், சாலையைத் தாண்டினால் கணவரின் கொய்யாத் தோப்பு.

வம்புக்கு அந்தத் தோப்பே காரணமாயிற்று. ஒரு நாட்டிலிருந்து மாம்பழம் அனுப்ப அனுமதி கேட்டிருந்தார்கள். மாம்பழம், கொய்யா எல்லாவற்றிலும் முட்டையிடும் பழ ஈ தங்கள் ஊர்களில் இருப்பதாகப் பதிவே இல்லை என்றார்கள். தேடிப் பார்த்ததாக எங்கும் சொல்லவில்லை. புழு மேடம் ஆபத்து 'அதிகம்' என்று முடிவு சொன்னார். இயக்குநர் அவரைக் கூப்பிட்டார்.

"பதிவு இல்லைன்னா பூச்சி இல்லைன்னுதானே மேடம் அர்த்தம்?"

"தேடலைன்னு அர்த்தம் சார். பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?"

"உங்க வீட்டுக்காரர் கொய்யா விக்கிறாரு. வெளிநாட்டுப் பழம் வந்தா அவருக்கு அடி. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க இல்ல?"

இப்படிப்பட்ட பேச்சுக்கு வாதத்தில் பதில் கிடையாது. எவ்வளவு சரியாகப் பேசுகிறோமோ அவ்வளவுக்குச் சந்தேகம் வலுக்கும். புழு மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு மாதிரிப் பழங்களை வரவழைத்தார். குளிரில் வைத்து வந்த பழத்தை வெட்டினால் முட்டை கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான இடத்தில் அழுகவிட வேண்டும். கண்ணாடி ஜாடிகளின் அடியில் சலித்த மணலைப் பரப்பி, மேலே கம்பி வலையில் பழங்களை வைத்து, வாயைத் துணியால் கட்டினார். உள்ளே புழு இருந்தால் முற்றிக் கீழே விழுந்து மணலுக்குள் கூடு கட்டிக்கொள்ளும்; பிறகு கூட்டை உடைத்துக்கொண்டு ஈ வெளிவரும். கடைசி அறையில் ஜாடிகளை வைத்துக் கதவில் 'திறக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். பிறகு அவரைத் துறைமுக வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஜாடிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"யாரு திறந்தது?"

"நான்தான்," என்றார் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா. "நீங்க போன கொஞ்ச நாள்லயே நாத்தம் குடலைப் புடுங்குச்சு. அந்த நாட்டு ஆளுங்க வேற வர்றாங்க, கழுவி விடுன்னு டைரக்டர் ஐயா சொன்னாரு. பழத்தையெல்லாம் எரிச்சுட்டேன்."

"மணல்?"

"நல்ல சலிச்ச மணல், கொட்ட மனசு வரலை. வாசல் பூந்தொட்டியில போட்டேன். செடி ஜம்முனு இருக்கு, போய்ப் பாருங்க."

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு மேடம்? அது இருக்கிறவங்க சொன்னதைத்தான் செஞ்சேன். நீங்க ஒரு பூட்டு போட்டிருக்கலாம்ல?"

பூட்டாதது அவர் தவறுதான். அதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அந்த நேரத்தில் அவருக்கு வரவில்லை. வாசலுக்கு ஓடினார்.

விருந்தினர்கள் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே புழு மேடம் ஒரு பூந்தொட்டியைப் படியில் கவிழ்த்து மணலை விரல்களால் அலசினார். நெல்மணி அளவில் பழுப்புக் கூடுகள் வந்தன. சில முழுசாகக் கனத்தன. சிலவற்றின் முனை உடைந்திருந்தது. உமியைப்போல உள்ளே ஒன்றும் இல்லை.

"மானத்தை வாங்காதீங்க மேடம்!" என்று இயக்குநர் பல்லுக்குள் பேசினார்.

"மானம் போனா போகட்டும். ஈ போயிடுச்சே சார்!"

விருந்தினர்கள் மெல்ல மீண்டும் காரில் ஏறிக்கொண்டார்கள். இயக்குநர் அவரைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். குரல் தணிந்திருந்தது.

"சரி, நீங்க சொன்னதுதான் சரி. மாம்பழம் வராது, போதுமா? காலிக் கூடு மட்டும் நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா சுத்துப்பட்டுல ஒரு பழம் விக்க விடமாட்டாங்க. உங்க தோப்பும்தான் போகும்."

முன்பு அந்தத் தோப்பைக் காட்டித்தான் அவர் பழி சொன்னார். இப்போது அதையே சலுகையாக நீட்டினார். புழு மேடம் இயக்குநரின் மேசையில் இருந்த தொலைபேசியையே எடுத்து மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். அடுத்து கணவரைக் கூப்பிட்டார்.

"காயில கை வைக்காதீங்க. ஒண்ணுகூட தோப்பை விட்டு வெளிய போகக் கூடாது."

"லாரி வந்து நிக்குது. என்ன விளையாட்டு இது?"

"ஈ பறந்துடுச்சு. எங்க ஆபீஸ்லேருந்து."

"உங்க ஆபீஸ்ல பறந்ததுக்கு என் தோப்பை மூடுவாங்களா? யாரு போய் மேல சொன்னது?"

"நான்தான்."

கணவர் அங்கே நின்றிருந்தவர்களைப் பார்த்து, "ஏத்தினதையெல்லாம் இறக்குங்க!" என்று கத்தினார். அதன் பின் மனைவியைத் திட்டத் தொடங்கினார். புழு மேடம் தொலைபேசியை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.