நெற்றியில் வைத்த கண்ணீர்

ஏனோக் வரைந்த மனிதர்கள் யாரும் அழுததில்லை. தங்கச் சுரங்கத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் எச்சரிக்கைப் படம் எழுதியவர் அவர். தலைக்கு மேல் பாறை தொங்கும். கீழே நிற்பவன் ஹெல்மெட்டோடு பல் தெரியச் சிரிப்பான். தொழிலாளியைப் பயமுறுத்தக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஆபத்தை விளக்க வேண்டும், ஆனால் யாரும் பயப்படக் கூடாது. இந்த முரண்பாட்டை அவர் சிரிப்பால் சமாளித்தார். எந்தப் படத்திலும் அவர் பெயர் கிடையாது.

2001இல் சுரங்கம் மூடிய பிறகு, அதை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் தையல் கடைப் பலகை, கிறிஸ்துமஸ் பேனர் என்று காலம் ஓடியது. எழுபதாவது வயதில்தான் பெயர் அச்சேறும் வாய்ப்பு வந்தது. மகள் வின்னி தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். வேலை, குழந்தைகள் புத்தகம் போடும் ஆபீஸில். பையன்களும் மனசில் இருப்பதை வெளியே சொல்லலாம் என்று சொல்லித்தரும் படப் புத்தக வரிசை ஒன்று. அதில் ஒரு கதைக்கு அப்பாவைச் சிபாரிசு செய்திருந்தாள். கதை சின்னது: ஒரு பையனுடைய கூட்டாளியின் குடும்பம் லாரியில் சாமான் ஏற்றி ஊரை விட்டுப் போகிறது, ஒன்பதாம் பக்கத்தில் பையன் அழுகிறான்.

எட்டுப் பக்கம் பிரமாதம். ஒன்பதாம் பக்கத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு வின்னி போன் செய்தாள்.

"டாடி, இந்தப் பையனுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"வேர்க்கலம்மா. அழுறான்."

"அழுதா கண்ணுலதானே தண்ணி வரும்? நெத்தியில போட்டிருக்கீங்க!"

"எங்க ஆளுங்களுக்கு அங்கதான் வரும்."

பொய்யில்லை. கீழே, ஆழத்து லெவல்களில், அடுப்புக்குள் நிற்பது போல் சூடு. எல்லார் முகமும் நனைந்தே இருக்கும். அதில் எது எந்தத் தண்ணீர் என்று யார் கண்டது? ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தவனைப் பற்றி மற்றவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அவனுக்கு இன்னிக்கு வேர்வை ஜாஸ்தி, விடு." உடனே எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆம்பளைகள் மனசைத் திறக்கவில்லை என்று இப்போது புத்தகம் போடுகிறார்கள். திறந்தார்கள், பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள்.

ஏனோக் சொட்டுகளைக் கன்னத்துக்கு இறக்கி அனுப்பினார். அதற்கும் போன் வந்தது.

"இப்போ அழுறான் டாடி. ஆனா சிரிச்சுக்கிட்டே அழுறான். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா புக்கை வேற ஆர்ட்டிஸ்ட்டுக்குக் குடுத்துடுவாங்க. எட்டுப் பக்கமும் வேஸ்ட்."

அன்று புதன். வேறு வழியில்லாமல், சுரங்கத்தில் பாறை சரியாமல் மரத்தாங்கல் கட்டும் வேலை பார்த்த பழைய கூட்டாளி காத்தவராயனை வீட்டுக்கு அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"கொஞ்சம் அழு மேன்."

"இன்னாத்துக்கு?"

"படத்துக்கு."

"சுரங்கத்துலேர்ந்து ரெண்டு பொணம் தூக்கினப்பவே அழாதவன், உன் படத்துக்கா அழுவேன்?" என்றாலும் காத்தவராயன் முயன்றார். வாயைக் கோணினார், கண்ணை இடுக்கினார்.

"பல்லுவலி மாதிரி கீது."

"அப்போ பல்லு டாக்டருக்கு போஸ்டர் எழுது, போ! கதையாவது இன்னான்னு சொல்லு."

ஏனோக் கதையைப் படித்தார். லாரி கிளம்பும் இடம் வந்ததும் காத்தவராயனின் கிண்டல் நின்றுவிட்டது.

"போன மாசம் எம் பையன் வாசு வீடு காலி பண்ணிக்கினு பெங்களூர் போனானில்ல," என்றார். "தெனம் நாலு மணி நேரம் ரயில்ல போறது முடியலன்னு. லாரி நின்னுது. பேரன் ஏறிட்டான். வாசு என் மூஞ்சியப் பாக்குறான், எதனா சொல்லுவேன்னு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? டிரைவர் கிட்ட போயி, 'கயிறு நல்லா கட்டினியா'ன்னு கேட்டேன். அவ்ளோதான் மேன் பேசினேன்."

அவருடைய மோவாய் ஆடத் தொடங்கியது.

ஏனோக்கின் கழுத்து, பழைய பழக்கத்தில், தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பாதியில் நின்றது. அழும் முகம் தனக்கு ஏன் வரைய வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. அத்தனை நாகரிகம்.

"பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பாரு மேன்," என்றார் காத்தவராயன். "சீக்கிரம் பாரு."

பார்த்தார். அழுகை கண்ணில் ஆரம்பிப்பதில்லை, மோவாயில் ஆரம்பிக்கிறது. கீழுதடு மேலுதட்டைத் தள்ளுகிறது, மூக்கு விரிகிறது. கண்ணுக்குத்தான் சேதி கடைசியாகப் போய்ச் சேருகிறது. பென்சில் நிற்கவில்லை.

வியாழன் காலையில் படம் போயிற்று. வின்னி அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"கண்ணீரே போடலையே, டாடி."

"இன்னும் வரலம்மா. வரப்போகுது. பசங்களுக்குப் புரியும்."

ஆபீஸுக்கும் புரிந்தது. மூன்று மாதத்தில் புத்தகம் வந்தது, அட்டையில் ஏனோக் பெயரோடு. காத்தவராயன் ஒன்பதாம் பக்கத்தை விரித்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூக்கு என்னுது இல்ல," என்றார். அப்புறம், "ரெண்டு குடு."

"பேரனுக்கு ஒண்ணு. இன்னொண்ணு?"

"வாசுவுக்கு."

அட்டையில் 'நான்கு வயது முதல்' என்று போட்டிருந்தது. வாசுவுக்கு நாற்பத்தொன்று. 'முதல்' என்றுதானே போட்டிருக்கிறது.