ஷம்சாத் அக்கா யாரிடமும் சொல்லாதது

நான் வேலை பார்க்கும் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கல்லூரித் தோழி போன் செய்தாள். "மெடிக்கல் அக்கா தவறிட்டாங்கடி. விடியக்காலையில நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." கையிலிருந்த சோற்றை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டேன். நெஞ்சு வலி என்று வந்தவர்களையெல்லாம் 'உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க' என்று விரட்டியவர், தனக்கு வந்ததை மட்டும் வாயு என்று நினைத்து உட்கார்ந்திருந்தாராம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அப்புறம்.

திருவாரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷம்சாத் அக்காவின் மருந்துக் கடை. கணவர் துபாயில் வேலை பார்த்தார், டி.பார்ம் படித்த அக்கா தனியாகவே கடையை நடத்தினார். அங்கே வந்துபோன பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் யார் பெயரையும் எழுதப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது இருபத்தொன்று. பி.எட். முதல் வருடம். தாலியில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை, 'விசேஷம் உண்டா?' என்று தெருவே ஆரம்பித்துவிட்டது. குழந்தை வந்தால் படிப்பு நிற்கும். எங்கள் வீட்டுப் பெண்களில் பாதியில் நின்ற படிப்பை யாரும் மறுபடி தொடங்கியதில்லை. என் கணவருக்கும் இது புரிந்தது. மனிதர் ஆணுறை வாங்கத்தான் கிளம்பிப் போவார். ஊர்க் கடையில் நிற்பவரோ பங்காளி முறை. 'என்னப்பா வேணும்?' என்று அவர் கேட்டதும் இவர் வாயில் விக்ஸ் என்றுதான் வரும். வீட்டில் விக்ஸ் டப்பாக்கள் பெருகின. மகனுக்குச் சளி முற்றிவிட்டது என்று மாமியார் தூதுவளை ரசம் வைத்தார்.

இவரை நம்பினால் ஆகாது என்று திருவாரூரில் காலேஜ் விட்டதும் நானே அக்கா கடைக்குப் போனேன். "குழந்தை இப்ப வேணாம்க்கா" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. கல்யாணம் ஆச்சா, எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிரஷர் உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா என்றுதான் கேட்டார். "முதல்ல டாக்டரம்மாவப் பாத்துட்டு ஆரம்பிங்க. அரசு ஆஸ்பத்திரியில கருத்தடை மாத்திரைய சும்மாவே குடுக்கறாங்க. அங்க சொந்தக்காரங்க கண்ணுல பட்டுடுவோம்னு பயமா இருந்தா இங்க வாங்க, இருக்கறதுல விலை கம்மியானதத் தரேன்." அப்படியே செய்தேன். பஸ் பாஸில் போய்வந்த எனக்கும் அந்த விலை கட்டுப்படியானது.

அவர் கடையில் கறுப்பு கவர் கிடையாது. மற்ற கடைகளில் நாப்கினைக் கறுப்பு கவரில் மறைத்துத் தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அக்கா இருமல் மருந்துக்கும் பால் பவுடருக்கும் எங்கள் மாத்திரைக்கும் ஒரே பழுப்புக் காகிதப் பைதான் கொடுத்தார். பையின் வாயை மடித்து ஸ்டேப்ளர் பின் வேறு அடிப்பார். "தலைவலி மாத்திரைக்கு எதுக்கும்மா இவ்வளவு ஜோடனை?" என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். "உங்க தலைவலி உங்களோட இருக்கட்டும் ஐயா" என்றார் அக்கா.

ஊர் வாய் சும்மா இருக்குமா? 'உன் மருமக அடிக்கடி மெடிக்கல்ல நிக்கிறாளே' என்று மாமியாரிடம் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவர் நேரே கடைக்கே போய்விட்டார். திரும்பி வந்து வாசலிலேயே பொரிந்து தள்ளினார். "என்னா வாய் அவளுக்கு! எம் மருமக என்ன வாங்குறான்னு கேட்டா, 'அவங்க வாங்குறத உங்ககிட்ட சொன்னா, நாளைக்கு நீங்க வாங்குறத அவங்ககிட்ட சொல்லுவேன், பரவாயில்லையாம்மா?'ங்கறா." ஆனால் மாமியார் அதற்குமேல் என்னைத் துருவவில்லை. படிப்பை முடித்தேன். ஆசிரியை வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மகள் பிறந்தாள்.

அந்தச் சண்டைக்கு அப்புறம் ஒன்று நடந்தது. மாமியார் உள்ளூர்க் கடையை விட்டுவிட்டார். பஸ் ஏறித் திருவாரூர் போய் அக்காவிடமே வாங்க ஆரம்பித்தார். வாங்கி வந்ததை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

சாவுச் செய்தி வந்த அன்று சாயங்காலம் நானும் மாமியாரும் அக்கா வீட்டுக்குப் போனோம். மாமியார் அங்கிருந்த பெண்களோடு உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கூடப்பிறந்த தங்கை இறந்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தப் பொண்ணு எனக்கு ஒரு காரியம் பண்ணுச்சு. யாருக்கும் தெரியாது" என்றார்.

என்ன காரியம் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேட்காமைதான்.