கவிழ்த்து வைத்த கிளாஸ்

கோயம்புத்தூரில் என் கணவர் குடிப்பது தெருவுக்கே தெரியும். புனேயில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் ஊர் மாறியதற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. சொந்தக்காரர்களிடம் சாஃப்ட்வேர், நல்ல கம்பெனி, குளுகுளு ஊர் என்று ஏதேதோ சொல்லிவைத்தேன். இரண்டாயிரம் பிறந்திருந்த சமயம். சாஃப்ட்வேர் என்றாலே எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

புனேயின் ஓரத்தில், கோந்த்வா என்ற பகுதியில் வீடு கிடைத்தது. சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்ததால் துடைக்கத் துடைக்கத் தூசி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அவர் அங்கேயும் குடித்தார். ஆனால் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. காலிப் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, திருத்திய நோட்டுகளோடு பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய், இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளியிருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். எங்கள் கட்டடத்தில் போட்டால் வாட்ச்மேன் பார்த்துவிடுவான். ஆபீஸில் அவருக்கு ஒழுக்கமானவர், அதிர்ந்து பேசாதவர் என்று பெயர். அந்தப் பெயரை நான் பொத்திப் பொத்திக் காத்தேன்.

இரண்டாவது வருடம் கார்த்திகை பிறப்பதற்கு முன்னால், மாலை போட்டுக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். புனேக்கு வெளியே தேஹு ரோடு பக்கம் ஓர் ஐயப்பன் கோயிலில், ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குருசாமி ஒருவர் மாலை போட்டுவிட்டார். மாலை கழுத்தில் இருக்கும்வரை கட்டின மனைவிக்கும் அவர் சாமிதான். "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட வேண்டும். திட்டித் திட்டியே பழகிய என் வாயில் அது லேசில் வரவில்லை. டிசம்பர் குளிரில், விடிவதற்கு முன், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து விளக்கேற்றுவார். இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, காபி டம்ளரைப் பிடித்திருந்த கை ஆடவில்லை என்பதைக் கவனித்தேன். சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று, அவர் போகிற இடத்துக்கெல்லாம் நானும் பின்னாலேயே போனேன். அவர் என்னவோ நிதானமாகத்தான் இருந்தார்.

"மாலை இல்லாமயும் இருந்து பாக்கறேன்" என்றார்.

இருந்தும் காட்டினார். ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்து, எறியாமல், ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தார். அவர் ஆபீஸ் போனதும் நான் அந்த டப்பாவைத் திறந்து பார்ப்பேன். தாள் சேரச் சேர எனக்குத் தைரியம் வந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

அவருடைய மேனேஜர் மராத்திக்காரர். கம்பெனி வேலையாக இரண்டு வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு ஒயின் பைத்தியத்தோடு திரும்பியிருந்தார். அங்கே பழைய ஒயின் ஊர்களில் சனி ஞாயிறு போய்த் தங்குவார்களாம். மாதா கோயில் நிலவறையில்கூடப் பீப்பாய் இருக்குமாம். நாம் மட்டும் என்ன சளைத்தவர்களா, நமக்கு நாசிக் இருக்கிறது என்பார். ராமர் வனவாசம் செய்த பஞ்சவடியும் அங்கேதான், புதிதாக முளைத்திருந்த ஒயின் தோட்டங்களும் அங்கேதான். தன்னிடம் வேலை பார்ப்பவர்களைக் குடும்பத்தோடு ஒரு டெம்போ டிராவலரில் அள்ளிப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளம்பிவிடுவார். நல்ல மனிதர். குடி என்று யாரையும் வற்புறுத்த மாட்டார். இதை நான் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

டிசம்பரில் கூப்பிட்டபோது விரதம் என்று சொல்லித் தப்பித்தோம். உபவாசம் என்றால் மராத்திக்காரர்களுக்கு மரியாதை. ஒரு கேள்வி கேட்கவில்லை. பிப்ரவரியில், திராட்சை அறுவடை பார்க்கலாம் என்று மறுபடி கூப்பிட்டபோது கழுத்தில் மாலை இல்லை.

"நாம போக வேண்டாம்" என்றார் என் கணவர்.

"எத்தனை நாளைக்கு இப்படி ஒளிஞ்சுட்டே இருக்கறதுங்க? வெளிநாட்டுக்கு அனுப்பற லிஸ்ட்டுல உங்க பேரும் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. நாலு பேரோட பழகுனாத்தான ஆகும்?"

"வந்தாலும் நான் தொட மாட்டேன்."

"உங்களை யாருங்க தொடச் சொன்னா?" என்றேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். வழியில் நாராயண்காவ் என்ற ஊரில் நிறுத்தி, காலை டிபனுக்குக் காரமான மிசல் பாவ். வண்டிக்குள் ஒரே பாட்டும் கும்மாளமும். பாட்டு தெரியாவிட்டாலும் நாங்கள் இருவரும் கை தட்டினோம். மத்தியானம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தலையில் முந்தானை போட்ட பெண்கள் குலை குலையாக அறுத்து பிளாஸ்டிக் கூடைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில் புளித்த வாடை அடித்தது. மற்றவர்கள் ஆசையாக மூச்சை இழுத்தார்கள். எனக்கு எங்கள் வீட்டுப் படுக்கையறை ஞாபகம் வந்தது.

ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்று ஓர் அறை. நீள மேஜை, ஆளுக்கொரு கிளாஸ், நடுவில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். அங்கே வேலை பார்க்கும் பெண் பாடம் எடுத்தாள். கிளாஸின் தண்டைப் பிடிக்க வேண்டும், சுழற்ற வேண்டும், முகர வேண்டும், ஒரு வாய் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டும். வாய்க்குள் போன மதுவைத் துப்புகிற ஜனங்களை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது கஷாயமாக இருந்தது. என் கணவர் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

மேனேஜரின் மனைவி பக்கத்திலிருந்தவளிடம் மராத்தியில் ஏதோ சொன்னாள். சவுத், ஆர்த்தடாக்ஸ் என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் என் காதில் விழுந்தன. இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. மேனேஜர்கூட, அவரை விடு என்று மனைவியை அடக்கினார். எனக்குத்தான் சுருக்கென்றது. வெறும் அவமானம் என்றால் விழுங்கியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அதோடு ஓர் ஆசையும் சேர்ந்துகொண்டது. ஒரு வாய் வைத்துவிட்டு, துப்பிவிட்டு, வேறு பேச்சுக்குப் போகிற இந்த ஆண்களைப் போல இவரையும் ஒருதடவை பார்த்துவிட்டால் போதும், முழுக்கக் குணமாகிவிட்டார் என்று நம்பிவிடலாம். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு அது.

முகத்திலிருந்த சிரிப்பை மாற்றாமல் தமிழில் சொன்னேன்.

"எல்லாரும் பாக்கறாங்க. ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பிருங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?"

"அந்தக் கருமம் வேற, இது வேறங்க. திராட்சைதான இது."

"என்னால துப்ப முடியாது. உனக்குத் தெரியாதா?"

"ஒரே ஒரு வாய்."

அந்த மேஜையில் எங்களைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மனைவி புருஷனிடம் சிரித்துப் பேசியதையும் புருஷன் கிளாஸை நிமிர்த்தி வைத்ததையும்தான் அவர்கள் பார்த்தார்கள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தானே ஊற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் துப்பும் பாத்திரத்தை மெதுவாக என் கணவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ராத்திரி தோட்டத்து விடுதியிலேயே தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை நான் கண் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. தேடிக்கொண்டு போனேன். காலை ஏழு மணி இருக்கும். குளித்து, தலை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, ஒயின் சுவைக்கும் அந்த அறையின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குத் திறக்கும் என்று கதவில் எழுதியிருந்தது.

"எந்திரிங்க, பஞ்சவடிக்குக் கிளம்பறாங்க" என்றேன்.

"நீ போயிட்டு வா" என்றார்.

காலாற நடந்து வந்த மேனேஜர் அவரைப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் நம் ஆளாகிவிட்டாரே என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

காலண்டர் அந்தச் சனிக்கிழமையோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் குடித்தது ஒயின் இல்லை, ஒயின் அவருக்குப் போதாது. முதலில் விஸ்கி, பிறகு கையில் கிடைத்தது. கதவைச் சாத்திக்கொள்வதையும் விட்டுவிட்டார். ஆபீஸுக்கே குடித்துவிட்டுப் போனார். அடுத்த கார்த்திகைக்கு மாலை போட்டுக்கொள்ளச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சாமியா இருந்தவனை நீதான எறக்கி விட்ட" என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். உப்பு கம்மி என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போனார். வெளிநாட்டு லிஸ்ட்டிலிருந்து பெயர் போயிற்று. மேனேஜர் முடிந்தவரை தாங்கிப் பிடித்தும் வேலையும் போயிற்று. மூன்றாவது வருடம் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து செத்துப்போனார். நாற்பத்தொரு வயது.

அஸ்தியை நாசிக்கில் கோதாவரிக் கரை ராமகுண்டத்தில் கரைக்கலாம் என்று சொன்னதும், தானே கார் ஓட்டி வந்ததும் மேனேஜர்தான். ஊரிலிருந்து வந்திருந்த கொழுந்தன் மடியில் கலசத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். அதே சாலை. நாராயண்காவில் யாரும் இறங்கவில்லை. நாசிக்குக்குள் நுழையும் இடத்தில் ஒயின் தோட்டம் ஒன்றின் விளம்பரப் பலகை நின்றது. மேனேஜர் காரை வேகமாக விட்டார்.

கொழுந்தன் புரோகிதரோடு தண்ணீரில் இறங்கியதும் மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னை அவர் எப்போதும் அண்ணி என்ற அர்த்தத்தில் பாபி என்றுதான் கூப்பிடுவார். இந்தியில் கேட்டார்.

"பாபி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் ஊத்திக் குடுத்ததுக்கு முன்னாடி அவர் குடிச்சதே இல்லையா?"

கொழுந்தனுக்கு எல்லாம் தெரியும். அண்ணனைச் சாக்கடை ஓரத்திலிருந்து எத்தனையோ தடவை தூக்கி வந்தவன் அவன். கேட்கும் தூரத்தில்தான் நின்றான். ஆனால் அவனுக்கு இந்தி வராது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடித்தவர், கிளாஸை நிமிர்த்தச் சொன்னது நான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. செத்தவருக்கு நல்ல பெயராவது மிஞ்சட்டும் என்றுதான் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

"இல்லை" என்றேன்.

அவர் ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்து, அத்தனை கூட்டத்தில், தேம்பித் தேம்பி அழுதார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒயினைத் தொடவில்லை. சனி ஞாயிறு பயணங்களும் நின்றுபோயின. வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் அவர் மனைவி போன் செய்தாள்.

"இன்னமும் அதையேதான் சொல்லிட்டு இருக்கார். நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு. சாப்பாடே சரியா இறங்கறதில்லை. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறார். நீங்க ஒருதடவை வந்து, அவர் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னா நம்புவார்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.