எஸ்தர் மேடம் அனுப்பிய பெண்கள்

ரயில் மீஞ்சூரைத் தாண்டியிருந்தது. வழக்கம்போல என் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். பொன்னேரியில் எஸ்தர் மேடம் ஏறுவார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார், கும்மிடிப்பூண்டி வரும்வரை வாய் ஓயாது. அன்று அனுப்பம்பட்டு வருவதற்குள் கைபேசி அடித்தது. எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர். "சார், எஸ்தர் தவறிட்டாங்க. காலைல சமையல்கட்டுல குனிஞ்சவங்க எழுந்திருக்கல. ஹார்ட் அட்டாக்." நான் கேட்டேன்: "எந்த எஸ்தர்?" எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு எஸ்தர்தான்.

பொன்னேரியில் கூட்டம் ஏறியது. ஒருவர் பையைக் காட்டி, "இன்னா சார், ஆளு வர்றாங்களா?" என்றார். "வர்றாங்க" என்றேன். வண்டி கிளம்பிவிட்டது. எஸ்தரின் வீடு பொன்னேரியில்தான், நான் இறங்கியிருக்க வேண்டிய இடமே அதுதான் என்பது கவரைப்பேட்டை வந்த பிறகுதான் உறைத்தது. கும்மிடிப்பூண்டி வரை போய், அடுத்த வண்டியில் திரும்பி வந்தேன். அந்த வண்டியிலும் பையைப் பக்கத்து இருக்கையில்தான் வைத்திருந்தேன்.

எஸ்தர் ராணியைத் தெரியாத உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் வேதியியல், நான் தாவரவியல். ஒரே மாடியில் எதிரெதிர் ஆய்வகம். ஐம்பதைக்கூடத் தொடவில்லை. முந்தைய நாள் சாயங்காலம் மாடிப்படியில் என்னைத் தாண்டி ஓடினார். ஆமாம், ஓடினார். இப்படி ஓடுகிற ஆளுக்கு எப்படி ஐயா நெஞ்சு நின்று போகும்? இந்த நொடிவரை எனக்குப் புரியவில்லை.

நாட்டின் பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் கோடை விடுமுறையில் இளநிலை அறிவியல் மாணவர்களை இரண்டு மாதம் தங்கள் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு விஞ்ஞானியின் கூடவே நின்று வேலை பழகலாம். தங்க விடுதி, கைச்செலவுக்குப் பணம். நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது மார்கழியிலேயே தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். கோடை விடுமுறை என்றால் எங்கள் பெண்களுக்கும் ஏதாவது கம்பெனியில் பேக்கிங் வேலைதான். எஸ்தர் வந்த பிறகுதான் இப்படி ஒரு கதவு இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கு என்று நான் சொல்வது ஆசிரியர்களை.

அவர் முதன்முதலில் அனுப்பிய பெண் ஷாலினி. பெங்களூருவில் ஒரு நிலையம். போன பதினைந்தாம் நாளே அங்கிருந்த பேராசிரியர் எஸ்தருக்குப் போன் செய்தார். "மேடம், உங்க பொண்ணோட கிராஃப் ரொம்ப அழகா இருக்கு. ஒரு புள்ளிகூட கோட்டை விட்டு விலகல. அதான் பயமா இருக்கு." விசாரித்தால், ஷாலினி எங்கள் செய்முறைத் தேர்வில் எல்லாரும் செய்வதைத்தான் செய்திருக்கிறாள். விடை என்ன என்று முதலில் புத்தகத்தில் பார்ப்பது, அதற்குத் தோதாக அளவுகளைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருவது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம். ஆராய்ச்சி நிலையத்தில் அதற்குப் பெயர் வேறு.

நானாக இருந்தால் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்திருப்பேன். எஸ்தர் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்: "அவ மேல தப்பு இல்ல சார். மூணு வருஷமா நாமதான் விடைய முன்னாடி குடுத்துட்டு அப்புறமா கணக்கு கேக்கறோம்." பேராசிரியரிடம் மன்றாடி ஷாலினிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தந்தார். அடுத்த வருஷத்திலிருந்து, கோடைப் பயிற்சிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஏற்பாடு வைத்தார். அவரவர் தெரு போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து உப்பையும் கடினத்தன்மையையும் அளக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் அதற்கு விடை கிடையாது. "மேடம், இவ்ளோ வருது. தப்பா போட்டுட்டேனா?" என்று ஒருத்தி கண் கலங்குவாள். "மறுபடி அளந்து பாரு. அப்பவும் அதே வந்தா, வந்தத எழுது. வரவேண்டியத எழுதாத" என்பார்.

நான் சும்மா இருப்பேனா? "மேடம், உங்க பொண்ணுங்க போர் தண்ணிய வெச்சே நோபல் வாங்கிடுவாங்க போலருக்கே" என்று எதிர் அறையிலிருந்து குரல் கொடுப்பேன். "உங்க செடிக்கும் ஒரு பாட்டில் தர்றேன் சார், ஊத்திப் பாருங்க. செத்துச்சுன்னா அதையும் எழுதிக்கிறோம்" என்பார். பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். வாயில் அவரை ஜெயிக்க எங்கள் கல்லூரியில் ஆள் இல்லை.

இந்த வருஷம் தேர்வானவள் கீர்த்தனா. பொன்னேரிக்கு அருகிலுள்ள ஆரணிப் பெண். அப்பா ஏழுமலை இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்கிறார். பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். ஏழுமலை எடுத்த எடுப்பில் முடியாது என்றார். "பெங்களூரு. ரெண்டு மாசம். வயசுப் பொண்ணு. பாஷையும் தெரியாது. இன்னா மேடம் பேசறீங்க?" எஸ்தர் வாதாடவில்லை. கொடுத்த நாஷ்டாவை நிதானமாகச் சாப்பிட்டார், சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். "என் ஊட்டுக்குன்னா அனுப்புவீங்களா?" என்றார். "உங்க ஊடுன்னா அனுப்புவேன்." "அப்ப நான் கூட வர்றேன். நீங்களும் வாங்க. லேப்புக்குள்ள போய்ப் பாருங்க, அவ படுக்கற கட்டிலப் பாருங்க. புடிக்கலன்னா அன்னிக்கே திருப்பிக் கூட்டினு வந்துரலாம்." எல்லா வருஷமும் இதுதான் அவர் வழி. பெண்ணோடு பெற்றவர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, சொந்த விடுப்பில், சொந்தச் செலவில் போய் நிற்பார். ஏழுமலை கடைசியில் தலையாட்டியது பெங்களூருவுக்காக இல்லை, எஸ்தருக்காக.

கிளம்ப வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை சேராவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த மாணவருக்குப் போய்விடும். எஸ்தர் இறந்தது வியாழக்கிழமை.

வெள்ளி மதியம் அடக்கம். வீட்டு முன்னால் பந்தல். எஸ்தரின் கணவர் ஜேம்ஸ் யார் கையைப் பிடித்தாலும் "முந்தாநேத்து நல்லாதான் இருந்தா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் எஸ்தர் வாய் மூடிப் படுத்திருந்தார். அந்த வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தெரு முனைக்கு வந்துவிட்டேன்.

ஆலைச் சீருடையோடு ஏழுமலை அங்கே நின்றிருந்தார். பக்கத்தில் கீர்த்தனா, அழுது வீங்கிய முகம். "சார், இனிமே இது தோதுப்படாது. அவங்க இருந்தாங்க, ஒத்துக்குனேன். நாளைக்கு ஒண்ணுன்னா யார போய்க் கேக்கறது?" என்றார். மேடம் செத்துக் கிடக்கும்போது தன் இடத்தைப் பற்றிப் பேசுவது தப்பு என்று கீர்த்தனா நினைத்திருப்பாள். எனக்கோ யார் மேல் என்று தெரியாத கோபம். "அப்புறம் பேசிக்கலாம் ஏழுமலை" என்று வெட்டிவிட்டேன். அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது எனக்கே தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஏழுமலை பந்தலுக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் நிற்கிறார். எஸ்தர் அனுப்பிய பெண்கள். திருவள்ளூர், வேப்பம்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள். ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறார்: "நீ எங்கம்மா தங்குன? ரூமுக்குத் தாப்பா உள்பக்கமா இருந்துச்சா? சோறு போடுவாங்களா, சப்பாத்திதானா? மேலுக்கு முடியலன்னா யாரு பாத்தாங்க?" எனக்குச் சுர்ரென்றது. சாவு வீட்டில் இது என்ன விசாரணை? பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டே போனேன்.

ஷாலினி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இப்போது அதே பெங்களூருவில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "முதல் வாரம் பேஜாருதான் அங்கிள். யாரும் எங்கூட பேசல. சாப்பாடு நல்லா இருக்காது. பெரிய தப்பு ஒண்ணு பண்ணி, திருப்பி அனுப்பற மாதிரி ஆயிடுச்சு. பாத்ரூம்ல ஒளிஞ்சு அழுதேன்." கெடுத்தாள் காரியத்தை என்று நினைத்தேன். ஏழுமலை அவளையே பார்த்தார். "அப்புறம் இன்னாத்துக்கும்மா அங்கியே இருந்த?" ஷாலினி யோசித்தாள். "ஒரு நாள் நான் அளந்தது வேற யாருக்குமே தெரியாத ஒரு விஷயம் அங்கிள். அங்க இருக்கற பெரிய சாருக்கும் தெரியாது. எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது. அத விட்டுட்டு வர மனசு இல்ல."

ஏழுமலை பந்தலுக்குள் போனார். பெட்டிக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணு நல்லது மட்டும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் சார். ஞாயித்துக்கெழமை வண்டி எத்தனை மணிக்கு?"

எஸ்தரின் இடத்தில் நான் போனேன். ஏழுமலை, கீர்த்தனா, நான், ரயிலில் மூன்று பேர். கீர்த்தனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திங்கள் காலை ஆய்வக வாசலில், முன்பு ஷாலினி விஷயமாகப் போன் செய்த அந்தப் பேராசிரியர் சிரித்த முகத்தோடு எங்களை எதிர்கொண்டார். "எங்கே எஸ்தர் மேடம்? கேன்டீனுக்குப் போயிட்டாங்களா? வந்ததும் காபி குடிக்காம இருக்க மாட்டாங்களே" என்றார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஏழுமலைதான் சொன்னார்: "மேடம் தவறிட்டாங்க சார். அதுக்காவ எம்பொண்ணு நின்னுரக் கூடாதுன்னு கூட்டினு வந்தேன்."

பேராசிரியர் பக்கத்திலிருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் செய்தி கேட்ட அந்த ரயில் பெட்டி மறுபடி என்னைச் சுற்றி ஓடியது. சற்றுப் பொறுத்து அவரே எழுந்து கீர்த்தனாவுக்கு ஒரு வெள்ளை அங்கியைக் கொடுத்தார். கை நீளமாக இருந்தது. ஏழுமலை குனிந்து, மகளின் அங்கிக் கைகள் இரண்டையும் மணிக்கட்டு வரை மடித்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டியதும் ஏழுமலை கேட்டார்: "சின்னது பன்னெண்டாவது எழுதிக்கீது சார். உங்க காலேஜுலதான் சேக்கப் போறேன். அதும் இப்படி வரணும்னா யாரு சார் கூட்டினு வருவாங்க?" நான் யோசிக்கவே இல்லை. "நான்தான்" என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

எஸ்தர் மேடம், இப்படியா ஒருத்தன் தலையில் கட்டிவிட்டுப் போவது? எனக்கு உங்களைப் போலப் பேசத் தெரியாது. யார் வீட்டிலும் உட்கார்ந்து கேட்டு வாங்கிச் சாப்பிடத் தெரியாது. ஆனாலும் ஒரு தகப்பனைப் பார்த்து, உன் பெண்ணை என்னோடு அனுப்பு என்று கேட்கும் துணிச்சல் எங்கிருந்தோ எனக்கு வந்திருக்கிறது. அது உங்களுடையது. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். வைத்துக்கொள்வேன், வீணாக்க மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் மேடம், எனக்கு அது வேண்டாம். நீங்கள் இருந்தால் போதும்.