பக்கத்து வீட்டுத் தறியும் என் மகளின் தும்மலும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சிபுரத்தில் நாங்கள் வாடகைக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. இரண்டாம் வகுப்பு படித்த என் மகளுக்குத் தூசு ஒவ்வாமை. காலையில் கண் விழித்ததும் தும்மல் ஆரம்பிக்கும். சில நாள் மூச்சே இழுக்கும். தினம் இரண்டு வேளை பெருக்கி, ஒட்டடை அடித்து நான்தான் ஓய்ந்துபோனேன், தும்மல் ஓயவில்லை.

பக்கத்து வீட்டில் கணவன், மனைவி இருவரும் பட்டு நெய்பவர்கள். அந்தத் தறியின் நூல் தூசுதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, ஒருநாள் அந்த அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, வெயில் காலப் புழுக்கத்தில் நெய்தார்கள். மகளிடமும் அங்கே போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

ஒருநாள் வாலாஜாபாத்தில் வேலை முடிந்து வரும்போது பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. பள்ளி விட்டு வந்த குழந்தை பூட்டிய வீட்டு வாசலில் நிற்பாளே என்று பதறி ஓடிவந்தால், பக்கத்து வீட்டில், தறியை ஒட்டிப் போட்ட பாயில் அயர்ந்து தூங்குகிறாள்! குனிந்து அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு சீராக இருந்தது.

"சாப்ட்டுட்டு ரெண்டு மணி நேரமா தூங்கிக்கினு இருக்குறா. ஒரு தும்மல்கூட தும்மலம்மா" என்றார் அக்கா, அவள் எழுந்துவிடாதபடி மெதுவாக.

மறுநாள் டாக்டரிடம் இதைச் சொன்னதும், "வீட்ல எதுல படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். என் கல்யாணத்துக்கு வாங்கிய பழைய பஞ்சு மெத்தை. கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் அதில்தான் குடியிருக்குமாம். குழந்தை இருக்கும்போது பெருக்கித் தூசு கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டுமாம். படுக்கை விரிப்பை வாராவாரம் வெந்நீரில் துவைக்க வேண்டுமாம். இத்தனை நாள் என் பிள்ளையை நானேதான் தும்மவைத்திருக்கிறேன்.

நேராக அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

"அட, வுடும்மா. புள்ள மூச்சுக்குத் தவிக்கிறத பார்த்துக்கினு எந்தத் தாய்தான் நிதானமா பேசுவா? வா, அந்த மெத்தய ஒரு பக்கம் புடி, வெளிய போட்டுடலாம்" என்றார்.

இருவருமாக அதை இழுத்துப் போட்டதில் கிளம்பிய தூசியில் மாறி மாறித் தும்மினோம். தெருவில் தள்ளி நின்ற மகள் கைதட்டிச் சிரித்தாள்.

தும்மல் அடியோடு போய்விடவில்லை. ஆனால் மூச்சு இழுப்பு நின்றது. பிள்ளைமேல் உள்ள பாசத்தில்கூட இன்னொருவர் மனதை நோகடித்துவிட முடியும் என்பதை, என் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் என் மகளுக்குச் சோறு போட்டுத் தூங்கவைத்த அந்த அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் உணர்கிறேன்.