ராகு காலத்துக்கு முன்னால் பிடுங்கிய கேபிள்

சிமெண்டுத் தூசி, சந்தனம், சூடான பிளாஸ்டிக் மூன்றும் கலந்த ஒரு வாடை உண்டு. அரியலூரில் நான் வேலை பார்த்த ஆபீஸின் கதவைத் திறந்ததும் அதுதான் முகத்தில் அடிக்கும்.

சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் கையோடு எடுத்துப்போகிற வழிகாட்டிக் கருவி ஒன்று இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. ஓடுபாதை எங்கே, எந்தப் பக்கம் போகக்கூடாது, உயரமாக எது நிற்கிறது என்று எல்லாம் காட்டும். அதற்குள் இருக்கும் தகவல் மாதாமாதம் பழசாகிவிடும். உட்கார்ந்து புதுப்பிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் யாருக்கும் பொறுமை கிடையாது, பஸ் பார்சலில் எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாத நான், ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, புது சாஃப்ட்வேரும் புது வரைபடமும் ஏற்றித் திருப்பி அனுப்புவேன்.

முதலில் சாஃப்ட்வேர் ஏறும், அப்புறம் வரைபடம், கடைசியில் தடைகள்: மலை, டவர், புகைபோக்கி. நடுவில் கேபிளைப் பிடுங்கினால் அந்தக் கருவி வாயே திறக்காது. முகப்பில் புதுத் தேதியைக் காட்டிக்கொண்டு, உள்ளே பழைய தடைகளையே வைத்திருக்கும். இப்படி ஒரு பொய்க்காரப் பெட்டியைச் செய்தவனை நான் திட்டாத நாள் இல்லை. அதனால் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருந்தேன். நான் வரும் வழியில், சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளுக்கு அப்பால், புதிதாக ஓர் ஆலைப் புகைபோக்கி எழும்பியிருந்தது. காலையில் அதைப் பஸ் ஜன்னலில் பார்ப்பேன், அப்டேட் முடிந்ததும் கருவியின் திரையில் தேடுவேன். அது அங்கே இருந்தால் எல்லாம் முழுசாக ஏறிவிட்டது என்று அர்த்தம்.

முதலாளிக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. அவருக்குத் தெரிந்தது பஞ்சாங்கம். வருகிற கருவிக்கெல்லாம் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார். கேபிள் செருகும் ஓட்டைக்குள் போனதை நான் ஊசி விட்டுச் சுரண்டி எடுப்பேன். நகக்கண்ணில் அந்தப் பிசுக்கோடு சோற்றைத் தொடவே அருவருப்பாக இருக்கும், ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. ராகு காலத்தில் பார்சல் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பயிற்சி மாணவி ஒருத்தியின் கருவியில் அப்டேட் ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் முதல்முறையாகத் தனியாக வெளியூர் வரை பறக்கப் போகிறாள், எங்கள் ஊர் மேலேதான் போவாள் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். கடைசிக் கோப்பு ஏறட்டும் என்று நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மேஜை காலி. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறதே என்று முதலாளி கேபிளைப் பிடுங்கி, ‘அப்டேட் முடிந்தது’ ஸ்டிக்கரை ஒட்டி, எதிரே நின்ற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பில் தடைகள் கோப்பு பாதியில் நின்றிருந்தது.

சொன்னேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "புதுத் தேதி காட்டுதுல்ல, அது போதும்மா. நல்ல நேரத்துல கிளம்பிருச்சு, ஒன்னும் ஆவாது."

வெளியே ஓடினேன். நகரத் தொடங்கிய பஸ்ஸைக் குறுக்கே நின்று நிறுத்தி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பார்சலை இறக்கினேன். ஆபீஸ் வாசலில் முதலாளி மறித்தார். கிளம்பிப் போன பொருள் ராகு காலத்தில் திரும்பி உள்ளே வரக்கூடாதாம். லேப்டாப்பையும் கேபிளையும் மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போய், ஈ மொய்க்கிற பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து ஏற்றினேன். திரையில் எங்கள் புகைபோக்கி வந்தது. அடுத்த பஸ்ஸில், நட்டநடு ராகு காலத்தில், அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் கூப்பிட்டாள். வழியில் மேகம் தாழ்ந்துவிட, அவளும் தாழ இறங்கியிருக்கிறாள். கீழே ஒரே தூசி மூட்டம்.

"திரையில செவப்பா ஒன்னு வந்துச்சுக்கா. வெளில பாத்தா ஒன்னுமே தெரியல. சட்டுன்னு திருப்பிட்டேன். அப்புறந்தான் பக்கத்துலயே அந்தப் புகைபோக்கி தெரிஞ்சுச்சு."

முதலாளியிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார்.

"பாத்தியா, ராகு காலத்துக்கு முன்ன நான் கட்டிக் குடுத்த பார்சல்மா அது" என்று சொல்லி, சூடத் தட்டை என்னிடம் நீட்டினார்.

நான் தொடவில்லை. போய் அடுத்த கருவிக்குக் கேபிளைச் செருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். நகக்கண்ணில் சந்தனப் பிசுக்கு அப்படியே இருந்தது. கழுவ எழுந்துபோனால் கேபிள் பக்கத்தில் அவர் வந்துவிடுவார். அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன்.